புத்தகம் காட்டிக் காய்கறி பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறேன். வருபவர்கள் ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரையிலானவர்கள். கதை முடிந்ததும் பெற்றோர் அதிகம் கேட்டு எடுத்துப்போவது காய்கறி, பழம், சமையல் பற்றிய படப் புத்தகங்களைத்தான். "பொரியலைத் தொடவே மாட்டேன் என்கிறாள் டீச்சர், இதைப் படித்தாலாவது தின்பாளா?" என்று கேட்பார்கள். தின்ன நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள், நான் தொடங்கிய காலத்தில் செய்ததையே அப்படியே திரும்பச் செய்கிறார்கள். அதைத் தடுக்கவே இதை எழுதுகிறேன். திட்டி ஊட்டக் கூடாது, கைப்பேசியைக் காட்டி ஊட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றுக்குள் நான் போகவில்லை.

ஒரு வாய்க்கு ஒரு பக்கம்

முதலில் நிறுத்த வேண்டியது இதை. ஒரு கையில் பருப்புச் சோறு, மறு கையில் புத்தகம். வாயைத் திறந்தால் பக்கம் புரளும். வாயை மூடினால் புத்தகமும் மூடிக்கொள்ளும். கைப்பேசியை ஒழித்துவிட்டோம் என்ற நிம்மதியில் பெற்றோர் இதைச் செய்கிறார்கள். உண்மையில் கைப்பேசி இருந்த இடத்தில் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குழந்தையின் கண் யானைப் படத்தில் இருக்கிறது. வாய்க்குள் போனது பூசணியா அவரையா என்று அது பார்க்கவே இல்லை. வயிறு நிறைந்துவிட்டது என்பதைக்கூடக் கவனிப்பதில்லை.

இரண்டரை வயதுப் பையன் ஒருவனை அவனுடைய பாட்டி கதை நேரத்துக்கு அழைத்து வந்தார். நான் அட்டைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் மற்ற பிள்ளைகள் ஓடிவந்து மடியில் இடம் பிடித்தார்கள். அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அடுத்த வாரமும் அப்படியே. காரணம் கேட்டபோது பாட்டி சற்றுப் பெருமையோடு சொன்னார்: "புத்தகத்தை எடுத்தால் சோறு வருகிறது என்று அவனுக்குத் தெரியும் டீச்சர். வீட்டில் இதை வைத்துத்தான் ஊட்டுகிறோம்." அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டிய புத்தகத்தின் பக்கங்கள் ரசம் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

எத்தனை வீடுகளில் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்காத இடம் இது. பீட்ரூட்டை வெறுக்கும் குழந்தை ஏழு வயதிலோ பதினைந்து வயதிலோ அதை விரும்பத் தொடங்கலாம். புத்தகத்தைக் கண்டாலே வாயைப் பொத்தும் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது? ஒரு கரண்டி பொரியலுக்காக வாசிப்பையே விலையாகக் கொடுத்துவிடுகிறார்கள். சரி, அந்தப் பொரியலாவது பிடித்துப்போகிறதா என்றால் அதுவும் இல்லை. குழந்தைகளின் உணவு விருப்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்த லியான் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பானத்தைக் குடித்தால் சினிமா டிக்கெட் என்று சில குழந்தைகளிடம் சொன்னார்கள். வேறு சிலருக்குப் பாராட்டு மட்டும் கிடைத்தது. இரண்டு வகையிலுமே அந்தப் பானத்தின் மீது இருந்த விருப்பம் குறைந்துபோனது. பரிசு கொடுத்துத் தின்னச் சொல்கிறார்கள் என்றால் அது நல்ல பண்டமாக இருக்க முடியாது என்றே குழந்தை எண்ணுகிறது. பக்கம் புரட்டுவதும் ஒரு பரிசுதான்.

எனவே புத்தகத்துக்கும் தட்டுக்கும் நடுவே சில மணி நேரமாவது இருக்கட்டும். மாலையில் தரையில் உட்கார்ந்து படிக்கலாம், தூங்கும் முன் படிக்கலாம். அந்த நேரத்தில் உணவு கண்ணில் படக் கூடாது. "நாளைக்கு இதைத் தின்பாயா?" என்ற கேள்வியும் கூடாது. பூசணிக்காய்ப் புத்தகம் படித்த மறுநாள் முழுப் பூசணியைச் சமையலறைத் தரையில் வைத்துத் தட்டிப் பார்க்கவிடுங்கள். கீற்றாக வெட்டியதும் விதைகளை அள்ள விடுங்கள். பிறகு சாப்பாட்டின்போது ஒரு சிறு துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் நீங்களும் சாப்பிடுங்கள். தின்னாவிட்டால் வேறொரு நாள் மீண்டும் வையுங்கள். ஒரு புதிய காய் பிடித்துப்போக 8 முதல் 15 முறை வரைகூட அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

அந்தப் பாட்டி இதற்கு எளிதில் சம்மதிக்கவில்லை. புத்தகம் இல்லாமல் ஊட்டியபோது பேரன் முதலில் பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டான். அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. அங்கன்வாடியில் எடை பார்க்கச் சொன்னேன். எடை குறையவில்லை என்று தெரிந்த பிறகே அவருக்குத் தைரியம் வந்தது. இப்போது அவன் வந்ததும் நேராக அலமாரிக்குப் போய்த் தனக்கு வேண்டிய புத்தகத்தை உருவிக்கொண்டு வருகிறான். பீட்ரூட்டை இன்னும் தொடுவதில்லை. அது பரவாயில்லை.

சத்துப் பிரசங்கம்

"கீரை தின்றால் பலசாலி ஆவாய்" என்று எழுதியிருக்கும் வரியை நான் வாசிப்பதே இல்லை. அமெரிக்காவில் மிகல் மைமரன், அயெலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளுக்கு ஒரு சிறுமியின் படக்கதையைப் படித்துக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குச் சொன்ன கதையில் அவள் பிஸ்கட் தின்று பலம் பெறுகிறாள். இன்னொரு குழுவின் கதையில் வெறுமனே தின்கிறாள். பலம் பற்றிக் கேட்ட குழந்தைகள் குறைவாகவே தின்றார்கள். கேரட் தின்றால் எண்ணக் கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னபோதும் இதே விளைவுதான். 2014இல் வெளிவந்த ஆய்வு இது. உடம்புக்கு நல்லது என்று வற்புறுத்தப்படுவது ருசியாக இருக்காது என்று மூன்று வயதே முடிவு செய்துவிடுகிறது.

அந்த வரிக்குப் பதிலாக ஓசையையும் மணத்தையும் சொல்லுங்கள். வெள்ளரிக்காய் நறுக்கென்று உடையும், கடுகு படபடவென்று வெடிக்கும், வெண்டைக்காய் வழவழவென்று நழுவும். இதற்கெல்லாம் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குழந்தைகளும் கூடவே சொல்வார்கள்.

பாகற்காயை வெறுக்கும் கதாநாயகன்

முதல் பத்துப் பக்கங்களில் "ச்சீ, பாகற்காய்!" என்று முகம் சுளித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் மனம் மாறும் சிறுவனின் கதையைப் பெற்றோர் விரும்பி எடுக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தத் திருப்பம் எட்டுவதில்லை. "ச்சீ" நன்றாக எட்டிவிடுகிறது. அதுவரை பாகற்காயைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாமல் இருந்த பிள்ளைகள், கதை முடிந்ததும் என் முன்னாலேயே முகம் சுளித்துப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வராத காய்

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு காய் பற்றிய படப் புத்தகத்தைப் பெற்றோர் தினமும் 5 நிமிடம் காட்டினார்கள்; இரண்டு வாரம் தொடர்ந்தார்கள். அதன்பின் அந்தக் காயைச் சுவைத்துப் பார்க்கக் குழந்தைகள் அதிகம் முன்வந்தார்கள். முன்பின் அறியாத காய்களில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் காய் அவர்கள் கண் முன்னே தட்டில் வந்தது. நாம் புளூபெர்ரி, ஆஸ்பாரகஸ் படங்களைக் காட்டிவிட்டுப் புடலங்காய்க் கூட்டு வைக்கிறோம்.

இந்த வாரம் தள்ளுவண்டியில் என்ன வருகிறதோ அதற்கான புத்தகத்தைத் தேடுங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டும் கொள்ளலாம். எதுவும் பொருந்தவில்லை என்றால் நீங்களே செய்யுங்கள்: வண்டியில் பீர்க்கங்காய், குழந்தையின் கையில் பீர்க்கங்காய், அரிவாள்மணையில், வாணலியில், அப்பாவின் தட்டில். ஐந்து புகைப்படங்களைத் தடித்த அட்டையில் ஒட்டினால் புத்தகம் தயார். நூலகத்தில் இருக்கும் விலை கூடிய புத்தகங்களைவிட இதைப் பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள்.

கண்ணும் மூக்கும் வைத்த கேரட்

பெயர் வைத்துக் கொஞ்சிய கேரட்டை வெட்டினால் குழந்தை அழும். இரண்டு வயதுக்கு உண்மையான காய் போலிருக்கும் படமே போதும்.

தினம் ஒரு புதுப் புத்தகம்

தேவையில்லை, ஒரே புத்தகத்தைத்தான் குழந்தை திரும்பத் திரும்பக் கேட்கும்.

படத்தில் உள்ளதை அப்படியே கொடுப்பது

முயல் பச்சைக் கேரட்டைக் கடிக்கும், அணில் முழு நிலக்கடலையைக் கொறிக்கும். பார்க்கும் குழந்தை தனக்கும் வேண்டும் என்று கேட்கும். ஆர்வம் வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் அப்படியே கொடுத்துவிடுவார்கள். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இவை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. கேரட்டைத் துருவியோ குழைய வேகவைத்தோ கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். நிலக்கடலை என்றால் அரைத்து மட்டும் கொடுங்கள். தின்னும்போது குழந்தை உட்கார்ந்திருக்க வேண்டும், ஓடக் கூடாது.

மருத்துவருக்குப் பதிலாகப் புத்தகம்

எடை ஏறாத குழந்தை, விழுங்கும்போது அடிக்கடி குமட்டும் குழந்தை, இரண்டு மூன்று உணவுகளைத் தவிர எதையும் ஏற்காத குழந்தை இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். கதை நேரத்துக்குப் பிறகு வரலாம்.