உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் வெட்டுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாகம் பாரம் ஏற்றினால் வளைகிறது என்று தெரிந்ததும், பலர் உடனே மைல்ட் ஸ்டீலை விட்டுவிட்டு விலை கூடிய அலாய் ஸ்டீலுக்குப் போய்விடுகிறார்கள். மெட்டீரியல் வந்து, வேலை முடிந்து, அதே பாரத்தை ஏற்றிப் பார்த்தால் பாகம் அதே அளவுதான் வளைகிறது. பாரத்தில் வளைந்து, பாரத்தை எடுத்ததும் நேராகிவிடுவது விறைப்பு சம்பந்தப்பட்டது. வளைந்தபடியே நின்றுவிடுவது வலிமை சம்பந்தப்பட்டது. எஃகில் எந்த ரகத்தை எடுத்தாலும் யங் குணகம், அதாவது உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண், 200 ஜிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும். அலுமினியத்தில் அது சுமார் 70. அலுமினியத்திலேயே, நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை 6061-டி6 ரகத்துக்கு 275 மெகாபாஸ்கல் அளவிலும், 7075-டி6 ரகத்துக்கு 500 அளவிலும் இருந்தாலும், இரண்டின் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். வளைவு குறைய வேண்டுமென்றால் வடிவத்தில்தான் கை வைக்க வேண்டும். செவ்வகப் பட்டையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். எந்த அலாயும் அதைத் தராது.

இதே போன்ற இன்னொரு பழக்கம், டிராயிங்கில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் எழுதிவிடுவது. அது 303 ஆகவும் இருக்கலாம், 304 ஆகவும் இருக்கலாம், 316 ஆகவும் இருக்கலாம். 303இல் வேண்டுமென்றே கந்தகம் சேர்த்திருப்பார்கள். சீவல் உடைந்து உடைந்து விழும், லேத்தில் வேலை சுலபமாக ஓடும். ஆனால் வெல்டிங் வைத்தால் விரிசல் விடக்கூடும், அரிப்பைத் தாங்கும் சக்தியும் 304ஐ விடக் குறைவு. 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பு படும் இடத்தில் அதற்குத்தான் ஆயுள் அதிகம். வெல்டிங் உண்டு என்றால் கார்பன் குறைந்த 304எல் அல்லது 316எல் என்று எழுதுவது நல்லது. அப்புறம், காந்தத்தை வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, அசல் 304’ என்று முடிவு கட்டுவதை நம்பாதீர்கள். மடித்த, இழுத்த இடங்களில் 304உம் லேசாக ஒட்டும். நிக்கல் குறைந்த 200 வரிசை ரகங்களோ ஒட்டாமலேயே இருக்கும். சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

304இல் துளை போடும்போது

டிரில் முனைகள் அதிகமாகப் பலியாவது இங்கேதான். மைல்ட் ஸ்டீலில் 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) டிரில் ஓடிய அதே வேகத்தில் 304 தகட்டிலும் இறக்குகிறார்கள். நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம் என்றால் அந்த டிரிலுக்கு ஏறக்குறைய 800 சுற்று. 304க்கு 12 மீட்டர் போதும், அதாவது 380 சுற்று. வேகம் கூடினால் வெப்பம் கூடும். 304 வெப்பத்தைக் கடத்துவது மைல்ட் ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், சூடு வேலைப்பொருளுக்குள் பரவாமல் டிரிலின் முனையிலேயே தங்கிவிடுகிறது.

முனை மழுங்கத் தொடங்கியதும் ஆபரேட்டர் ‘பாவம், டிரில் உடைந்துவிடப் போகிறது’ என்று அழுத்தத்தைக் குறைப்பார். பெரிய தப்பு நடப்பது அந்த நொடியில்தான். அழுத்தம் குறைந்தால் டிரில் வெட்டாது, தேய்க்கும். 304 தேய்க்கத் தேய்க்கக் கடினமாகும் உலோகம். சீவல் வருவது நின்று, கிரீச்சென்று சத்தம் கிளம்பும். டிரிலைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் துளையின் அடிப்பகுதி கண்ணாடி போல மின்னும். அந்த மினுமினுப்புதான் கடினமாகிப்போன தோல். அதன் மேல் புதிய ஹெச்.எஸ்.எஸ். டிரிலை வைத்தாலும் அதுவும் போய்விடும்.

எனவே கூர்மையான டிரில், குறைந்த சுற்று, தாராளமான கூலண்ட், இவற்றோடு தயங்காத ஃபீடு (டிரிலை உள்ளே இறக்கும் வேகம்) வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முனை, முந்தைய சுற்று கடினமாக்கிய அடுக்குக்குக் கீழே இறங்க வேண்டும். இறக்கிய இடத்தில் டிரிலைச் சும்மா சுழல விடவே கூடாது. ஏற்கெனவே மினுங்கிவிட்டதா? ஹெச்.எஸ்.எஸ்.ஸை விடக் கடினமான கார்பைடு டிரிலால் அந்த அடுக்கை உடைக்கலாம், அல்லது தகட்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வரலாம். லேத்தில் கடையும் டர்னிங்கிலும் இதே கதைதான். கடைசியில் 0.05 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து ‘ஃபினிஷிங்’ எடுத்தால், டூல் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே போகும். முனையின் வளைவுக்கு ஏற்ற அளவு மெட்டீரியலைக் கடைசி வெட்டுக்கு விட்டு வையுங்கள்.

அலுமினியத்தின் தொல்லை வேறு விதம். அது டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பளபளப்பாக மெருகிட்ட, பூச்சு இல்லாத கூர்மையான கார்பைடு நன்றாக வேலை செய்யும். எஃகுக்கு வாங்கிய, அலுமினியம் கலந்த பூச்சுள்ள டூலை இங்கே போடாதீர்கள். பித்தளைக்கு என்றால் நேர்மாறாக, டிரிலின் வெட்டுவிளிம்பைச் சற்றுத் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடிவிடும். வார்ப்பிரும்பில் முதல் வெட்டே மேல்தோலுக்குக் கீழே இறங்க வேண்டும். மேலோட்டமாக எடுத்தால் மணலும் கடினமான தோலும் டூலைத் தின்றுவிடும்.

கழற்றியதும் வளையும் பாகங்கள்

கோல்டு ட்ரான் கம்பியை வாங்கி, ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கீவே (சாவிக்கட்டை உட்காரும் காடி) வெட்டி, வைஸிலிருந்து கழற்றினால் ஷாஃப்ட் வில்லாக வளைந்திருக்கும். மெஷினைக் குறை சொல்வார்கள். மெஷினில் எந்தக் குறையும் இருக்காது. குளிர்ந்த நிலையில் இழுக்கப்பட்ட கம்பியின் மேற்பரப்பில் இழுவிசையும் நடுவில் அமுக்கவிசையும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு உள்ளேயே இருக்கும். ஒரு பக்கத் தோலை மட்டும் எடுத்துவிட்டால் அந்தச் சமநிலை குலைந்து, கம்பி புதிய சமநிலையைத் தேடி வளைகிறது. நீளமான, துல்லியமான ஷாஃப்டுக்கு உள்விசை நீக்கிய மெட்டீரியலைக் கேளுங்கள், அல்லது ரஃபிங் (முதல் கரடு வெட்டு) முடித்த பிறகு அந்தச் சூட்டுப் பக்குவத்தைச் செய்துகொள்ளுங்கள்.

அலுமினியத் தகட்டில் பெரிய பாக்கெட் (குடைந்த பள்ளம்) எடுப்பவர்கள் 6061-டி6 என்று மட்டும் கேட்டால் போதாது. டி651 என்று கேட்டால், சூடாக்கிக் குளிர்வித்தபின் லேசாக இழுத்து உள்விசையைத் தணித்த தகடு கிடைக்கும். வெறும் இரண்டு இலக்க வித்தியாசம், ஆனால் தட்டையாக வருமா வராதா என்பதையே அது தீர்மானிக்கும். அதோடு, ஒரே பக்கத்தில் முழு ஆழத்துக்கும் போகாமல் இரண்டு பக்கமும் ரஃபிங் எடுத்து, கொஞ்சம் மிச்சம் வைத்து, பிடியைத் தளர்த்தி மூச்சுவிட விடுங்கள். பிறகு லேசாகப் பிடித்து ஃபினிஷ் செய்யுங்கள். வைஸில் இறுக்கிப் பிடித்திருக்கும்போதே டயல் கேஜ் வைத்துப் பார்த்து ‘தட்டையாக இருக்கிறது’ என்று மகிழ்வதில் பயனில்லை.

சூடான ஜாபை அளப்பதும் அப்படித்தான். டிராயிங்கில் உள்ள அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கானவை. 200 மி.மீ. அலுமினியப் பாகம் அதைவிடப் பத்து டிகிரி சூடாக இருந்தால் ஏறக்குறைய 0.047 மி.மீ. நீண்டிருக்கும். எஃகில் அதில் பாதி. அந்த அளவை நம்பிக் கடைசி வெட்டை எடுத்தால், ஆறியபின் பாகம் சிறுத்துப்போகும்.

டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசம், அந்த விஷயத்தில் என்னைக் கேட்டால், எல்லா அளவுக்கும் 0.01 போடுவது மெஷினில் நிற்பவரை வதைப்பது. 25 மி.மீ. துளைக்கு எச்7 என்ற துல்லியமான ஃபிட் வகையே 0.021 மி.மீ. இடம் தருகிறது. பேரிங் உட்காரும் இடத்தில் இறுக்குங்கள், காற்றில் நிற்கும் முகத்தை விட்டுவிடுங்கள். பாக்கெட்டின் உள்மூலையையும் கூராக வரையாதீர்கள், சுழலும் கட்டர் கூர்மூலை வெட்டாது. மூலை வளைவைக் கட்டரின் ஆரத்தை விடச் சற்றுப் பெரிதாகக் கொடுத்தால் கட்டர் மூலையில் திணறாமல் திரும்பும், விரிசல் தொடங்கவும் அங்கே வாய்ப்புக் குறையும்.

வேலை முடிந்த பிறகு வரும் தவறுகள்

எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை உலர்வாக, வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவி மெதுவாக முடுக்குங்கள். மேல்தோலை மட்டும் கடினமாக்கும் கேஸ் ஹார்டனிங் செய்த பாகத்தில் கடினமான அடுக்கு மெல்லியது. கிரைண்டிங்குக்கு அதிகம் விட்டு வைத்தால், பணம் கொடுத்து ஏற்றிய அடுக்கையே சாணையில் இழந்துவிடுவோம்.

12.9 போன்ற உயர்வலிமை போல்ட்டுகளுக்கு மின்முலாமில் துத்தநாகம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை உடையக்கூடியதாக்கிவிடும். முறுக்கிப் பூட்டிய மறுநாள், எந்தப் பாரமும் கூடாமலேயே தலை துண்டாகி விழலாம். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும்படி முலாம் பூசுபவரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மின்முலாம் தேவைப்படாத வேறு பூச்சுக்கு மாறுங்கள்.

மெக்னீசியம், டைட்டானியம் சீவல்களையும் தூளையும் மற்ற குப்பையோடு குவித்து வைக்காதீர்கள். மெல்லிய சீவல் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் உலோகம் தண்ணீரிலிருந்தே ஹைட்ரஜனைப் பிரித்து இன்னும் மூர்க்கமாக எரியும். உலோகத் தீக்கான டி வகை தீயணைப்புப் பொடியை மெஷினுக்குப் பக்கத்திலேயே, வேலையை ஆரம்பிக்கும் முன்பே வைத்துவிடுங்கள்.