வைஃபை டிரைவரில் குப்பை அள்ளலாம் வாங்க: லினக்ஸ் கெர்னலுக்கு உங்கள் முதல் பேட்ச்

சி மொழி ஓரளவு தெரியும், லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது, ஆனால் ஓபன் சோர்ஸில் எங்கே கைவைப்பது என்று தெரியவில்லை. இப்படி இருப்பவர்களுக்கான பதிவு இது. சென்னையில் கிண்டி, தரமணி, ஓஎம்ஆர் பக்கம் படிக்கிற பிள்ளைகள் பலர் ரெஸ்யூமேயில் 'கெர்னல் கான்ட்ரிபியூட்டர்' என்று ஒரு வரி போட ஆசைப்படுகிறார்கள். ஆசை தப்பில்லை. அந்த வரிக்காக மட்டும் அனுப்பிய பேட்ச் (நிரலில் செய்த திருத்தத்தைத் தாங்கிய கோப்பு) எது என்று பராமரிப்பாளர்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும், அதுதான் சிக்கல்.

கெர்னல் மூலநிரலில் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்டேஜிங் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 2008-இல் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் தொடங்கியது. ஓடும், ஆனால் நிரல் பார்க்கச் சகிக்காது என்ற நிலையில் உள்ள டிரைவர்கள் அங்கே வந்து சேரும். சுத்தமானால் முதன்மைப் பகுதிக்குப் போகும்; கவனிப்பார் இல்லையென்றால் நீக்கப்படும். புதியவர்கள் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கெர்னலில் இல்லை.

நாம் எடுக்கப்போவது ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723பிஎஸ் வைஃபை டிரைவர். இன்டெல்லின் 'ஆட்டம்' ப்ராசஸர் போட்ட மலிவு டேப்லெட்டுகள் பலவற்றில் இந்த சிப் இருந்தது. டிரைவர் 2017-இல் ஸ்டேஜிங்குக்கு வந்தது. ரிச்சி தெருவில் அப்படி ஒரு பழைய டேப்லெட் கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள், சோதனைக்கு உதவும். கிடைக்காவிட்டாலும் தொடங்கலாம். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது மட்டும் அப்போது மாறும்.

படி 1: மூலநிரலை இறக்குவது

லினக்ஸை உருவாக்கிய லினஸின் முதன்மைக் களஞ்சியத்தை எடுக்காதீர்கள். கிரெக்கின் ஸ்டேஜிங் களஞ்சியத்தை கிட் மூலம் குளோன் செய்து, ஸ்டேஜிங்-டெஸ்டிங் கிளைக்கு மாறுங்கள். நீங்கள் திருத்த நினைக்கும் வரியை நேற்றே வேறொருவர் திருத்தியிருக்கலாம்; அது இங்கேதான் முதலில் தெரியும். பெரிய டவுன்லோட் இது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஜிசிசி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன், ஓபன்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப் ஆகியவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் வேண்டும். அப்புறம் மேக் கட்டளைக்கு ஆல்மாட்கான்ஃபிக் என்று கொடுத்து அமைப்புக் கோப்பை உருவாக்குங்கள். முழு கெர்னலையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. மே மாத மதியத்தில் ஃபேன் காற்றே அனலாக வரும் வீட்டில் லேப்டாப்பை அப்படி வதைக்கவும் கூடாது. மேக் கட்டளைக்கு இந்த டிரைவரின் ஃபோல்டர் பாதையை மட்டும் கொடுத்தால் போதும்.

படி 2: எதைத் துடைப்பது

எல்லோரும் முதலில் ஓடுவது செக்பேட்ச் என்ற பெர்ல் ஸ்கிரிப்டிடம். கோப்பைக் கொடுத்தால், டேப் இல்லை, அடைப்புக்குறி தப்பு, வரி நீளம் என்று பட்டியல் போடும். வரி 80 எழுத்துக்குள் இருப்பதே இன்றும் விருப்பம். 2020 முதல் செக்பேட்ச் 100 வரை பொறுத்துக்கொள்கிறது. பழகிக்கொள்ள அதில் ஒன்றிரண்டைச் சரிசெய்யுங்கள், தப்பில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டியது டிரைவர் ஃபோல்டரில் உள்ள டூடூ என்ற கோப்பு. செய்ய வேண்டிய வேலைகளை அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே பொருந்தும் நிரல் மிச்சமிருந்தால் நீக்கு, வேறு சிப்புகளுக்காக எழுதிய நிரலை நீக்கு என்று போகும். நீங்கள் திறக்கும்போது சில வரிகள் குறைந்திருக்கலாம். ஏன் நீக்கச் சொல்கிறார்கள் என்றால், காரணம் எளிது: இந்த சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அந்த அலைவரிசையில் சேனல் எண் 14-ஐத் தாண்டாது. ஆகவே 'சேனல் 14-ஐ விடப் பெரிதா?' என்று கேட்கும் இஃப் கூற்று ஒருநாளும் உண்மையாகப் போவதில்லை. நிறுவனம் பல சிப்புகளுக்கும் சேர்த்து ஒரே நிரலை எழுதியதன் மிச்சம் அது. இடைவெளி திருத்துவதைவிட இப்படி ஒரு பகுதியைக் காரணத்தோடு நீக்குவது பத்து மடங்கு மேல். நீக்கிய வரியை இனி யாரும் படிக்க வேண்டாம், பராமரிக்க வேண்டாம்.

படி 3: செத்த நிரல்தானா என்று உறுதிசெய்வது

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு ஃபங்ஷனை யாரும் அழைக்கவில்லை என்று நினைத்தால், அதன் பெயரை கிட் கிரெப் கொண்டு தேடுங்கள். அடைப்புக்குறி சேர்க்காமல் வெறும் பெயரை மட்டும் தேட வேண்டும். வன்பொருள் அடுக்கின் ஃபங்ஷன்கள் பல நேரடியாக அழைக்கப்படுவதில்லை. ஏதோ ஒரு ஸ்ட்ரக்ட்டில் பாயின்டராகவோ, கட்டளை அட்டவணையில் ஒரு வரியாகவோ உட்கார்ந்திருக்கும். மேக்ரோ ஒட்டுப்போட்டு உருவாக்கும் பெயர்கள் இன்னும் மோசம், தேடலில் சிக்கவே சிக்காது.

இன்னொரு பொறி இருக்கிறது. மேக் கட்டளையில் டபிள்யூ=1 சேர்த்தால், 'மதிப்பு வைத்தாய், பயன்படுத்தவில்லை' என்று சில மாறிகளைப் பற்றி கம்பைலர் முணுமுணுக்கும். அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிப்பின் ரெஜிஸ்டரைப் படித்து வருகிறது என்றால் மாறியை நீக்கலாம், படிக்கும் அழைப்பை விட்டுவிடுங்கள். சில ரெஜிஸ்டர்களைப் படிப்பதே சிப்புக்குள் எதையாவது மாற்றும். இன்டரப்ட் நிலையை அழிப்பது அதில் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் வெட்டி வேலையாகத் தோன்றும்.

செக்பேட்ச் சொல்வதிலும் ஒன்றைக் காதில் வாங்காதீர்கள். யூடிலே இருக்கும் இடத்தில் யூஸ்லீப்-ரேஞ்ச் போடு என்று பரிந்துரைக்கும். முதலாவது சிபியுவைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கும். இரண்டாவது தூங்கப் போய்விடும். ஸ்பின்லாக் (தூங்காமல் காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்திருக்கும் இடத்தில் தூங்கினால் கெர்னல் அலறும். சிப் கையில் இல்லாமல் இதை மாற்றி அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள், நியாயமும் அதுதான்.

திருத்திய பின் கம்பைல் செய்யுங்கள். பெயர் மாற்றமோ இடைவெளித் திருத்தமோ என்றால் இன்னொரு சோதனையும் உண்டு: திருத்தத்துக்கு முன்னும் பின்னும் வந்த ஆப்ஜெக்ட் கோப்புகளை ஆப்ஜ்டம்ப் மூலம் அசெம்பிளியாக மாற்றி, டிஃப் போட்டு (இரண்டையும் ஒப்பிட்டு) பாருங்கள். வித்தியாசம் வந்தால் ஏன் என்று புரியும் வரை அனுப்பாதீர்கள்.

படி 4: கமிட் எழுதுவது

ஒரு பேட்சில் ஒரே வகை மாற்றம். நான்கு வேலை செய்தீர்கள் என்றால் நான்கு பேட்ச், ஒவ்வொன்றும் தனியே கம்பைல் ஆக வேண்டும். தலைப்பு 'ஸ்டேஜிங்', அப்புறம் டிரைவர் பெயர், அப்புறம் 'இதை நீக்கு' என்று கட்டளை போன்ற ஆங்கில வாக்கியம். உடலில் ஏன் நீக்கினீர்கள் என்று சொல்லுங்கள். என்ன நீக்கினீர்கள் என்பது கீழே டிஃப்பிலேயே தெரிகிறதே.

கடைசியில் சைன்டு-ஆஃப்-பை வரி கட்டாயம். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்பதற்கான கையொப்பம் அது. நம் ஊர்ப் பெயர்களில் சர்நேம் இருக்காது, இனிஷியல்தான். அது பிரச்சினையே இல்லை. கையொப்பத்தில் ஒரு மாதிரியும் மின்னஞ்சலின் அனுப்புநர் பெயரில் வேறு மாதிரியும் இருந்தால்தான் செக்பேட்ச் குறை சொல்லும். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒருமுறை முடிவு செய்து, கிட் அமைப்பில் அதையே வையுங்கள். யார் என்றே தெரியாத அநாமதேயராக அனுப்பினால் எடுக்க மாட்டார்கள்.

படி 5: அனுப்புவது

யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். ஜிமெயில் வலைப்பக்கத்தில் பேட்சை ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகி, பேட்ச் பொருந்தாமல் போகும். கிட் சென்ட்-இமெயில்தான் வழி. ஜிமெயில் என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, கிட் ஏஎம் கொண்டு பொருத்திப் பாருங்கள்.

முதல் பதில் கிரெக்கின் பேட்ச் பாட்டிடமிருந்து வரலாம். தானியங்கிப் பதில்தான், கோபித்துக்கொள்ள ஆளில்லை. திருத்தி அனுப்பும்போது தலைப்பில் வி2 என்று போட்டு, பேட்சில் உள்ள மூன்று கோடுகளுக்கு (---) கீழே என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இதை மறந்தால் பாட் மறுபடி வரும். மனிதர் யாராவது கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்குக் கீழேயே பதில் எழுதுங்கள், கடிதத்தின் தலையில் எழுதாதீர்கள்.

இப்படித் துடைத்த டிரைவர் நிலைக்குமா என்றால், சொல்ல முடியாது. ஆர்8188இயூ என்ற இன்னொரு ரியல்டெக் டிரைவர் 2021-இல் ஸ்டேஜிங்குக்கு வந்தது. பலர் அதைச் சுத்தம் செய்தார்கள். 2023-இல் அதே சிப்பை ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்ற முறையான டிரைவர் ஆதரிக்கத் தொடங்கியதும், பழையதை முழுசாக நீக்கிவிட்டார்கள். பயனருக்கு அதுதான் நல்லது. முறையான டிரைவர், மேக்80211 என்ற பொது அடுக்கின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வைஃபை அடுக்கை எழுத வேண்டியதில்லை.

பழகிய கையோடு மேக்80211 பக்கம் போய் இடைவெளித் திருத்தம் அனுப்பிவிடாதீர்கள். ஸ்டேஜிங்குக்கு வெளியே அதை வரவேற்க மாட்டார்கள். அங்கே பிழைத்திருத்தத்தோடுதான் போக வேண்டும்.

அனுப்பி ஒரு வாரம் பதிலே இல்லையா? புது கெர்னல் 9, 10 வாரங்களுக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது தயாரான மாற்றங்களை லினஸ் தன் களஞ்சியத்தில் சேர்க்கும் காலம். அந்த நாட்களில் புது பேட்சுகளைப் பெரும்பாலும் தொட மாட்டார்கள். அது முடிந்து ஆர்சி1 என்ற முதல் சோதனைப் பதிப்பு வெளிவரும் வரை பொறுங்கள். அப்புறமும் இரண்டு வாரம் சத்தமில்லை என்றால், தலைப்பில் ரீசென்ட் (RESEND) என்று சேர்த்து அதே பேட்சை மறுபடி அனுப்பலாம்.