வகையிட முதல் சைனுக்கு ஓர் எழுத்துப் போடுங்கள்

உயர்தர இணைந்த கணிதத்தில் திரிகோணகணிதக் கோவைக்கு இழிவுப் பெறுமானம், அதாவது அது எடுக்கக்கூடிய மிகச் சிறிய பெறுமானம், கேட்டால், உடனே வகையிட இறங்காதீர்கள். கோவை முழுவதையும் சைனில் எழுதி, சைன் தீற்றா = ப என்று பிரதியிட்டு, பிறகு வகையிடுங்கள்.

உதாரணமாக 4 − கோசைன் 2தீற்றா − 2 சைன் தீற்றா. கோசைன் 2தீற்றா என்பது 1 − 2ப² என்பதால் கோவை 2ப² − 2ப + 3 ஆகிறது. வகையிட்டால் 4ப − 2 = 0, ப = 1/2, இழிவு 2.5. இரண்டே வரி. தீற்றாவை வைத்தே வகையிட்டிருந்தால் கோசைன் தீற்றா ஒரு காரணியாக வந்து 90°, 270° இரண்டையும் சோதிக்கச் சொல்லும். அவை ப = 1, ப = −1 என்ற முனைகள்தான்; இங்கே 3, 7 என்று வரும்.

அதற்காக முனைகளை மறந்துவிடக் கூடாது. ரியூசன் கொப்பிகளில் அதிகம் புள்ளி போவது இதில்தான் என்று நினைக்கிறேன். மேலே உள்ள 2 சைனை 8 சைன் ஆக்கிப் பாருங்கள்: ப = 2 என்று வரும். சைன் 1ஐத் தாண்டாதே! அப்போது இழிவு ப = 1 இல், அதாவது −3. வினாவில் தீற்றாவுக்கு ஆயிடை (இதிலிருந்து இதுவரை என்ற எல்லை) தந்திருந்தால் ப-இன் எல்லையும் அதற்கேற்ப மாறும்.

3 சைன் தீற்றா + 4 கோசைன் தீற்றா போன்றவற்றுக்கு இது சரிவராது, வர்க்கமூலம் வந்து குறி குழம்பும். அதை 5 சைன் (தீற்றா + அல்பா) என்று எழுதினால் (அல்பா ஒரு மாறாக் கோணம்) வகையீடே வேண்டாம். ஆயிடை எதுவும் தராவிட்டால் இழிவு −5.