ஒரே பாட்டு, பல ரெக்கார்டு: எது முந்தியது?

‘சின்னஞ்சிறு கிளியே’வைப் பாடாதவர் யார்? 1951 ‘மணமகள்’ படப் பதிவை (இசை: சி.ஆர். சுப்பராமன்) எல்லைக்கல்லாக வைத்து, மற்றவற்றை முன், பின் என்று பிரியுங்கள். பழைய பாட்டுப் புத்தகங்களைப் பார்க்க சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகம் போங்கள்.

மூர் மார்க்கெட் பக்கம் 78 சுற்றுத் தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்கு இசைத்தட்டு) கிடைத்தால் லேபிளை மட்டும் நம்பாதீர்கள். மறுவெளியீட்டில் லேபிளில் அச்சிட்ட எண் மாறும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குமுன் வழவழப்பான வளையம். அங்கே பொறித்த மேட்ரிக்ஸ் எண்தான் பதிவின் அடையாளம்.

ஸ்பிரிட்டால் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும், ஜாக்கிரதை! ஓட்டும்போது நிமிடத்துக்கு நாலைந்து சுற்று பிசகினாலே சுருதி அரைக்கட்டை நகரும். ஒரே பதிவு வேறு பதிவுபோல் கேட்கும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்றேகால் நிமிடம்தான், சரணம் குறைந்திருந்தால் மறுபக்கத்தைத் திருப்புங்கள்.