தூரத்து பாக்ஸில் சத்தம் குறைந்தது, சரிசெய்த விதம்: என் அனுபவம்

தென்னந்தோப்பில் நடந்த காதுகுத்துக்கு நான்தான் சவுண்ட் பார்த்தேன். ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) மேடைப் பக்கம். சாப்பாட்டுப் பந்தலில் இருந்த இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் 50 மீட்டர் தள்ளி. அங்கே பாட்டு மந்தமாகக் கேட்டது, பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) தொளதொளவென்று இருந்தது. வால்யூமை ஏற்றியும் பயனில்லை.

காரணம் ஒயர்தான். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 50 மீட்டர் என்றால், போக வர 100 மீட்டர். அதன் தடையே சுமார் 1.15 ஓம். 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாகப் போட்டால் மொத்தம் 4 ஓம். ஆக, ஒயர் இழுக்காமல் பக்கத்திலேயே வைத்தால் கிடைக்கும் பவரில் 60 சதவீதம்தான் பாக்ஸுக்குப் போய்ச் சேரும். பேஸைக் கட்டுப்படுத்தும் பிடியும் ஆம்புக்குப் போய்விடும்.

ஆம்பையே தூக்கி பாக்ஸ் பக்கத்தில் வைத்தேன். மிக்சரிலிருந்து (மைக், பாட்டு எல்லாவற்றையும் கலந்து தரும் கருவி) பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிளில் சிக்னல் மட்டும் போனது. அதில் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் போவதால், வழியில் ஏறும் இரைச்சல் மறுமுனையில் கழிந்துவிடும். 50 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. பேஸ் உடனே இறுகி வந்தது, அவ்வளவு சந்தோஷம்!

ஜெனரேட்டர் ஒயரோடு சிக்னல் கேபிளைச் சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கிட்டே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஆம்பை நகர்த்த முடியாத இடமா? 4 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள், 80 சதவீதம் கிடைக்கும். குழாய் ஸ்பீக்கருக்கு டிரான்ஸ்பார்மர் வைத்த 100 வோல்ட் லைனே (வோல்டேஜை ஏற்றி, கரண்ட்டைக் குறைத்து அனுப்பும் முறை) நல்லது.