மாற்று சிப் போட்டு டிபக்கர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்யூட் படத்தில் சொன்ன சிப் கிடைக்கவில்லை, அதே பெயரில் கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக உள்ள சிப் கையில் இருக்கிறது, கால்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, அப்புறம் என்ன, போட்டுவிடலாம் என்று தோன்றும். வீட்டில் ப்ரோகிராமரோ (சிப்பில் நிரலை ஏற்றும் கருவி) டிபக்கரோ (ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேடும் கருவி) செய்பவர்கள் பலர் சறுக்குவது இந்த முடிவில்தான். கால்கள் பொருந்தினால் போர்டு பொருந்தும், அவ்வளவே. டிபக்கருக்குள் உட்காரும் சிப் தன் ஃபிளாஷை, அதாவது நிரல் இருக்கும் அழியாத நினைவகத்தை, தானே திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும், யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேச வேண்டும், மறுபக்கம் டார்கெட்டை, அதாவது சோதிக்கப்படும் இன்னொரு சிப்பை, நேரம் தவறாமல் ஆட்டிவைக்க வேண்டும். மாற்று சிப் மூலச் சிப்பிலிருந்து விலகுவது பெரும்பாலும் இதே இடங்களில்.

நல்ல உதாரணம் மைக்ரோசிப் நிறுவனத்தின் ஐசிடி2 மாதிரியில் செய்யும் டிபக்கர். அதில் இருப்பது பிக் வரிசை மைக்ரோகன்ட்ரோலரான பிக்16எஃப்877, பலர் போடுவது 877ஏ. இரண்டிலும் 40 கால்கள், ஃபிளாஷ் அளவும் ஒன்றே, சாதாரண ப்ராஜெக்ட்டில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 877 தன் ஃபிளாஷில் ஒவ்வொரு வேர்டாக (ஒரு கட்டளை அடங்கும் அலகு) எழுதும். 877ஏ நான்கு நான்கு வேர்டுகளாகத்தான் எழுதும்: முதல் மூன்றும் உள்ளே ஒரு பஃபரில் காத்திருக்கும், நான்காவது வந்ததும் அந்த நான்கின் இடமும் அழிக்கப்பட்டு மொத்தமாக எழுதப்படும். 877-க்கென எழுதிய பழைய பூட்லோடர் (ஃபிளாஷில் புது நிரலை இறக்கும் சிறு நிரல்) ஒரு வேர்டை எழுதி உடனே படித்துச் சரிபார்த்தால் அங்கே பழைய மதிப்புதான் இருக்கும், அதனால் பிழை என்று நின்றுவிடும். நடுவில் ஒரு வேர்டை மட்டும் மாற்றப் போனால் பக்கத்து வேர்டுகளும் பாழாகும். ஐசிடி2-வில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டார்கெட் சிப்பின் குடும்பத்தை மாற்றும்போது எம்பிலேப் என்ற கணினி மென்பொருள் அந்தக் குடும்பத்துக்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை டிபக்கருக்குள் புதிதாக இறக்கும். முதல் நாள் எல்லாம் சரியாக ஓடும், இன்னொரு குடும்பத்து சிப்பை இணைத்த அன்று படுத்துவிடும், ஆள் சால்டரிங்கில் குறை தேடிக்கொண்டிருப்பார். 877ஏ-தான் கிடைக்கிறது என்றால் அதற்கென்றே திருத்திய பூட்லோடரைத்தான் ஏற்ற வேண்டும், 877-க்கான ஹெக்ஸ் கோப்பு (சிப்பில் ஏற்றும் நிரல் கோப்பு) போதவே போதாது. இன்னொன்று, ஐசிடி2-வை எம்பிலேப் எக்ஸ் ஆதரிப்பதில்லை. பழைய எம்பிலேப் 8 வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் இதை யோசித்துவிட்டே இறங்குவது நல்லது.

ஆகவே டேட்டாஷீட்டில் பின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபிளாஷ் எழுதும் அத்தியாயத்தைப் படியுங்கள், இரண்டு சிப்புகளுக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

அடுத்தது, சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல். பிக்கிட்2 என்ற ப்ரோகிராமரில் இருக்கும் 18எஃப்2550 சிப்புக்கு 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். உள்ளே அதை 5-ஆல் வகுத்து 4 மெகாஹெர்ட்ஸாக்கி, அதிலிருந்துதான் யுஎஸ்பிக்கு வேண்டிய 48 மெகாஹெர்ட்ஸ் பிறக்கிறது. அந்த 5 என்ற எண் ஹெக்ஸ் கோப்பின் கான்ஃபிகரேஷன் பிட்களிலேயே (சிப்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்கள்) இருக்கிறது. கையில் இருந்ததென்று 8 அல்லது 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் சிப் உயிரோடு இருக்கும், கணினி மட்டும் அதைப் பார்க்காது. யுஎஸ்பி பகுதிக்கான மின்சாரக் காலான வியூஎஸ்பியில் 220 முதல் 470 நானோஃபாரட் கெப்பாசிட்டர் விட்டுப்போனாலும் இதே அறிகுறிதான், அதனால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் கதை வேறு. அந்த சிப் உள்ள ப்ளூ பில் என்ற சிறு போர்டில் எஸ்டபிள்யூடி (இரண்டு கம்பி டிபக் இணைப்பு) டிபக்கர் செய்பவர்கள் முதலில் மறப்பது ஃபிளாஷ் அளவை. சிப் பெயரின் கடைசியில் சி8 என்றால் 64 கேபி, சிபி என்றால் 128 கேபி. பல சி8 சிப்புகளில் 128 கேபி இருப்பது உண்மைதான், ஆனால் தயாரிப்பாளர் உறுதி சொல்வது 64-க்கு மட்டுமே. ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) 64-ஐத் தாண்டுகிறதென்றால், எழுதி முழுவதையும் படித்துச் சரிபார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். அப்புறம் அதே கால் அமைப்பில் வரும் சிஎஸ்32 போன்ற சிப்புகள். வேறொரு டிபக்கரால் அவற்றில் ஃபர்ம்வேர் ஏற்றும்போது ஓப்பன்ஓசிடி என்ற மென்பொருள் எதிர்பார்க்கும் அடையாள எண் 1-இல் தொடங்கும், இவை 2-இல் தொடங்குவதைக் காட்டும், உடனே பிழைச் செய்தி வரும். சிப் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை மாற்றினால் போதும். ஆனால் இது வேறு சிப் என்பதற்கான முதல் தடயம் அந்த எண்தான், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி டி ப்ளஸ் கம்பியின் புல்-அப் ரெசிஸ்டர் (கம்பியை உயர் நிலைக்கு இழுத்து வைப்பது) 1.5 கிலோஓம் இருக்க வேண்டும். பல ப்ளூ பில் போர்டுகளில் 10 கிலோஓம் போட்டிருப்பார்கள். ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் ஓடாமல் இருந்தால் முதலில் அந்த ரெசிஸ்டரைப் பாருங்கள்.

வெற்று சிப்பில் முதல் ஃபர்ம்வேரை யார் ஏற்றுவது என்ற கேள்வியைப் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். எஃப்103-இன் அழியாத நினைவகத்தில் தயாரிப்பிலேயே இருக்கும் பூட்லோடர் யுஎஸ்பி பேசாது, சீரியல் மட்டும்தான், பிஏ9, பிஏ10 கால்களில். பூட்0 ஜம்பரை 1 நிலையில் வைத்து ஒரு யுஎஸ்பி-சீரியல் மாட்யூல் மூலம் ஏற்றலாம். பிக் சிப்புக்கு அந்த வசதி இல்லை, வேலை செய்யும் இன்னொரு ப்ரோகிராமர் கட்டாயம் வேண்டும்.

இனி உண்மையிலேயே பொருள் நஷ்டம் வரும் இடம்: வோல்டேஜ். பழைய பிக்16எஃப் சிப்புகளுக்கு விபிபி (நிரல் ஏற்றும்போது தரும் உயர் வோல்டேஜ்) 13 வோல்ட் அளவில் வேண்டும், பிக்16எஃப்1 வரிசையில் பல 9 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பிக்கிட்2-வைச் சுருக்கிச் செய்த வீட்டு வடிவங்கள் பலவற்றில் விடிடியை (சிப்பின் இயக்க வோல்டேஜ்) மாற்றும் பகுதியே இருக்காது, எப்போதும் 5 வோல்ட்தான். அதில் 3.3 வோல்ட் சிப்பை மாட்டினால் மென்பொருளில் 3.3 என்று தேர்ந்தெடுத்திருப்பது எந்த உதவியும் செய்யாது. டார்கெட்டை இணைக்காமல், மல்டிமீட்டரை வைத்து விபிபியையும் விடிடியையும் அளந்து, மென்பொருள் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விபிபி குறைவாக இருந்தால் இண்டக்டரையும், விபிபியை அளக்க உதவும் பின்னூட்ட ரெசிஸ்டர் இரண்டையும் சோதியுங்கள்.

டார்கெட் பக்கத்தில் பிஜிசி (கிளாக்), பிஜிடி (டேட்டா) கம்பிகளில் எல்இடியோ கெப்பாசிட்டரோ தொங்கக் கூடாது. வயர் நீளம் ஒரு சாணுக்குள் இருக்கட்டும், கிரவுண்ட் கம்பியை கிளாக் பக்கத்திலேயே கொண்டுபோங்கள். படிக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஐடி வந்தால் சிப்பைச் சந்தேகிக்கும் முன் கிளாக் வேகத்தைக் குறைத்து ஒருமுறை முயலுங்கள்.