கண்ணுக்குள் வைத்த மருந்தை மறந்துவிடாதீர்கள்

சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொண்டதால் என் பெரியப்பாவுக்கு ஒரு கண்ணுக்குள் ஓசுர்டெக்ஸ் என்ற மருந்துக் குச்சியை வைத்தார்கள். "இனி ஆறு மாசத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம்" என்று சந்தோஷமாக வீடு திரும்பியவர், மறுபரிசோதனைக்கும் போகவில்லை. மூன்றாம் மாதம் நாங்கள் வற்புறுத்தி அழைத்துப்போனபோது அந்தக் கண்ணின் அழுத்தம் நன்றாக ஏறியிருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வையும் மங்கவில்லை. சொட்டு மருந்து போட்டதில் இறங்கிவிட்டது. எனக்குத்தான் பயம் இன்னும் போகவில்லை.

இந்தச் சிகிச்சையில் பலரும் செய்கிற பெரிய தவறு இதுதான். ஓசுர்டெக்ஸ் சுமார் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குச்சி. அதற்குள் 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு, இருக்கிறது. குச்சி கரையக் கரைய மருந்து கசியும். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். பெரும்பாலும் இரண்டாவது மாத வாக்கில் அது உச்சத்துக்குப் போகும். கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு பாதிக்கப்படும், போன பார்வை திரும்பாது. கண் நன்றாகத் தெரிகிறதே என்று அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆறு மாதம் என்ற கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. மூன்று, நான்கு மாதத்திலேயே பலன் குறைந்து நீர் மறுபடி கோத்துக்கொள்வது உண்டு. அதை விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன்தான் காட்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு 3 வருஷம் தாங்கியதாமே என்று ஒப்பிடவும் வேண்டாம். அவருக்கு வைத்தது இலுவியன் என்ற இன்னொரு கண் மருந்தாக இருக்கலாம். அது வேறு ஸ்டீராய்டு. அதன் நுண்குழாய் கரையாது. ஓசுர்டெக்ஸை வெளியே எடுக்க வேண்டியதில்லை. கரையும் தையல் நூல் இருக்கிறதல்லவா, அந்த வகைப் பொருள்தான் இதுவும்.

சில மாதம் கழித்துப் பார்வை மங்கினால் மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். புரை அறுவை செய்யாமல் சொந்த லென்ஸ் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு கண்புரையை வேகமாக வளர்க்கும். 3 ஆண்டு நடந்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் புரை வந்தது. புரையை அறுவை செய்து சரிசெய்யலாம்.

ஏற்கெனவே புரை அறுவை செய்தவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். லென்ஸின் பின்சவ்வு அப்போது கிழிந்திருந்தால் குச்சி கண்ணின் முன்பக்கத்துக்கு நழுவிக் கருவிழியை வீங்க வைத்துவிடலாம். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய், கண்ணில் முன்பு வந்த ஹெர்பிஸ் வைரஸ் தொற்று, இவற்றையும் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரைகளை விட்டுவிடாதீர்கள். குச்சி நீரை வற்றவைக்கும், சர்க்கரையைக் குறைக்காது.

குச்சி வைத்த நாட்களில் வலி கூடினாலோ, கண் சிவந்துகொண்டே போனாலோ, பார்வை சட்டென்று குறைந்தாலோ உள்ளே தொற்று ஏற்பட்டிருக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைப் போட்டுப் பார்க்காமல், ராத்திரியானாலும் சரி, உடனே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.